நாலாவது ஓட்டை பெருசு

ஞாயிறு, 8

காலையிலேயே சுள்ளுன்னு வெயில். பெரம்பலூர்ல ஒன்பது மணி பஸ் பிடிச்சு அரியலூர், ரெக்கார்டர் குழல் வகுப்பு. ஃபா சுரம் வந்ததும் என்னுது மட்டும் தாழ்ந்துபோச்சு, வழக்கம்போல. மாஸ்டர் நிறுத்தச் சொன்னார்.

"உங்களுக்கு ஸ்ருதி பிடிபடாதுங்க. ஆண்டுவிழாவுல பின்வரிசையில நின்னு வாயில வச்சுட்டு மட்டும் இருங்க. ஊத வேணாம்."

எல்லார் முன்னாடியும். திரும்பற பஸ்ல வழி பூரா மனசுக்குள்ள அவருக்குப் பதில் சொன்னேன்.

போன வருஷம் வகுப்புல இருந்த விக்கிரமங்கலத்து மலரையும் இப்படித்தான். காது இல்லன்னார். அதோட நின்னவதான்.

திங்கள், 9

லேப்ல கூட்டம். வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் புக் பண்ணணும். வீட்டுக்காரரு சொல்றாரு, இந்த வயசுல பீப்பீ எதுக்கு, விட்டுடுன்னு.

விடமாட்டேன். இருபது வருஷமா மைக்ராஸ்கோப்ல ரத்தம் பாக்கிற கண்ணு. மாஸ்டர் காதைத்தானே குறை சொன்னார்.

புதன், 11

கூட வேலை பாக்கிற ஸ்டெல்லாவும் அதே வகுப்பு. அவ ரெக்கார்டரையும் என்னுதையும் லேப் மேஜையில பக்கத்துல பக்கத்துல வச்சேன். ரெண்டும் சொப்ரானோங்கிற சின்ன சைஸ். ஒரே நீளம், ஒரே கலர். முன்பக்க ஓட்டை, மேலருந்து எண்ணினா:

அவளுது: நாலாவது சின்னது, அஞ்சாவது பெருசு.
என்னுது: நாலாவது பெருசு, அஞ்சாவது சின்னது.

பின்னாடி அவளுதுல 'பி'ன்னு ஒரு எழுத்து. என்னுதுல 'ஜி'. போன்ல தேடினேன். அவளுது பரோக் வகை, என்னுது ஜெர்மன் வகை. விரல் வைக்கிற முறையே வேற. மாஸ்டர் குடுத்த விரல் சார்ட் பரோக்குக்கு மட்டும். அதுல ஃபாவுக்கு வலது கை நடுவிரலைத் தூக்கிட்டு, கடைசி ரெண்டு விரலாலயும் மூடணும். ஜெர்மன்ல வலது கைக்கு ஆள்காட்டி விரல் ஒண்ணு போதும்.

ஊதினேன். சுத்தமான ஃபா. ஸ்டெல்லா அவளுதுல ஊதினா. ரெண்டும் ஒண்ணு.

கண்ணுல தண்ணி. கோவம்தான்.

வியாழன், 12

மலருக்கு போன். அவ ரெக்கார்டர் பரண்ல கிடக்காம். பின்னாடி என்ன எழுத்துன்னு பாக்கச் சொன்னேன். ஏறி எடுத்துப் பாத்துட்டு 'ஜி'ன்னா. விரல் சொல்லிக்கொடுத்தேன். போன்லயே ஃபா ஊதினா. வந்துச்சு.

அப்புறம், "ஒரு வருஷமா வூட்ல வாய்விட்டுப் பாடக்கூட இல்லக்கா."

ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியிருக்கேன்.

சனி, 14

ஃபாவுக்கு அரைச் சுரம் மேல இருக்கிற ஃபா ஷார்ப் ஜெர்மன்ல தகராறு. ஒத்துக்கிறேன். விழாப் பாட்டுல அது இல்ல, ரெண்டு தடவை பாத்தாச்சு. துணி துவைக்கல.

ஞாயிறு, 15

தூறல். மலர் எனக்கு முன்னாடியே வந்து வாசல்ல நின்னா. மாஸ்டர்கிட்ட ரெண்டு வகையையும் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பாத்தார். எல்லாரும் பரோக்கே வாங்கிடுங்க, அதுவரைக்கும் நீங்க ரெண்டு பேரும் பின்னாடின்னார்.

"மாத்த மாட்டோம் சார். எங்களுக்கு வேற சார்ட் குடுங்க."

முன்வரிசையில போய் உக்காந்தோம். பாட்டு ஆரம்பிச்சுது. ஃபா வந்துச்சு, போச்சு. பிசிறு இல்ல. மாஸ்டர் தலையைச் சாய்ச்சுக் கேட்டுட்டு, இன்னொரு தடவைன்னார்.

மலர் சொன்னா: "எத்தனை தடவை வேணும்னாலும் ஊதறோம் சார்."