மலாக்காவில் உங்களுக்கு விழுந்த கும்பிடு

அன்புள்ள பாவாவுக்கு, கஸ்தூரி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முதுகுவலி தேவலையா? போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

ஞாயிறு கம்பெனி லீவில் மலாக்கா செட்டிகளின் அருங்காட்சியகத்துக்குப் போனேன். பல நூறு வருஷத்துக்கு முன் இங்கே வந்த நம்மவர்களின் வம்சம். நெற்றியில் திருநீறு, பேச்சு மட்டும் மலாய். சுற்றிக்காட்டிய மீனாட்சி அக்காவிடம், அரைகுறை மலாயில், என் ஊர் திருத்தணி என்றேன். திகைத்துப்போனார்.

"அது சாமி பாட்டில் வரும் பெயராச்சே! நிஜமாகவே அங்கே மனுஷர்கள் இருக்கிறார்களா? பஸ் போகுமா?"

போனில் மலைப் படத்தைக் காட்டினேன். வாங்கிக் கும்பிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம்தான் கவனித்தேன், மலையை மறைத்துக்கொண்டு லுங்கியோடு நீங்கள்!

"ஐயோ அக்கா, அது எங்க வூட்டுக்காரரு! பல்லு வௌக்கிகினு நிக்கிறாரு!" என்று தமிழில் கத்திவிட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார்.

'எங்க வூட்டுக்காரரு' என்று இங்கே வந்தபின் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். அறைக்கு வந்து இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

அக்காவுக்குக் கோயில் திருநீறும், மலை மட்டும் தெரியும் படமும் அனுப்புங்கள். உங்கள் படத்தை நான் யாருக்கும் தருவதாக இல்லை. கம்பெனி வேன் ஹாரன் அடிக்கிறது.

உங்கள்
கஸ்தூரி