கொரியா மேடத்தின் கொம்பு மோதிரம்

ஆடி 24, சனிக்கிழமை

எங்கள் செருப்புக் கம்பெனியின் கொரியா மேடம் ஞாயிறுதோறும் வில்லில் அம்பு விட்டுப் பழகுவார். நாண் இழுக்கக் கட்டைவிரலில் போடும் கொம்பு மோதிரத்தை மெருகேற்றித் தரச் சொல்லி என்னிடம் கொடுத்தார். அதன் ஓட்டை நீள்வட்டமாக இருந்தது. பிசகு என்று நினைத்து, உப்புத்தாளால் தேய்த்து வட்டமாக்கிவிட்டேன். மேடம் போட்டுப் பார்க்காமலே சிரித்து வாங்கிக்கொண்டார்.

பெரம்பலூர் பஸ்ஸில் இதைச் சொன்னதும், கூட வேலை செய்யும், மேடம் அம்பு விடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கும் செல்வி அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

"அடியே, அது நீளமாத்தான்டி இருக்கணும்! குறுக்க நுழைச்சுத் திருப்புனாத்தான் வெரலைக் கவ்வும். ஒன்னை யாரு ரிப்பேர் பண்ணச் சொன்னா?"

நாளைக் காலையில் மோதிரம் நழுவினால் நாண் மேடத்தின் விரலைக் கிழித்துவிடும். சொன்னால் வேலை போகுமோ? எனக்கு இங்கிலீஷும் வராது. அக்கா கொடுத்த மேடத்தின் நம்பரை மூன்று முறை அழுத்தி, உடனே கட் செய்தேன். இந்த முறை கட் செய்யவில்லை. அந்தப் பக்கம் மணி அடிக்கிறது. 'மேடம், ரிங் நோ' என்றாவது சொல்லிவிட வேண்டும்.