அஞ்சு படகு, அஞ்சு மீன்

பாப்பாவோட அப்பாவுக்கு,

நான் வேலையை விடலை. சிப்பியை வச்சுக் கதை சொல்லுததெல்லாம் ஒரு படிப்பான்னு கேட்டுட்டு, நாசரேத்துல உங்க அம்மா வீட்டுக்குப் போனீங்களே, அதே சிப்பிகளைத்தான் இன்னைக்கும் வகுப்புல பரப்பினேன்.

“கரையில அஞ்சு படகு. ரெண்டு கடலுக்குப் போயிட்டுது. மிச்சம் எத்தனை?”ன்னு கேட்டேன்.

மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளை ஜெனோவா எந்திரிச்சு, “அஞ்சுதான் டீச்சர். போனது சாயங்காலம் வந்துரும்லா?”ன்னா. மொத்த வகுப்பும் அவ பக்கம்.

சரின்னு கதையை மாத்தினேன். அஞ்சு மீன், ரெண்டைப் பூனை தின்னுட்டுது. “மூணு!”ன்னு கத்துச்சுக எல்லாம்.

வீட்டுல எத்தனை பேருன்னு நேத்து ஹவுஸ் ஓனர் கேட்டார். உங்களையும் சேர்த்து மூணுன்னேன். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நீங்க படகு. அதுக்கு அப்புறம் மீன்.

இப்படிக்கு,
நாளைக்கும் சிப்பியோட வகுப்புக்குப் போறவள்