உங்கடை விருப்பம்

2023 பெப்ரவரி 14

எழுதத் தொடங்குவதற்கு முதல் மன்னிப்புக் கேட்கிறேன். யாரிடம் என்று தெரியவில்லை. இந்தக் கொப்பியிடமாக இருக்கலாம். பட்டமளிப்புக்கு மாமி வாங்கித் தந்த நல்ல கொப்பி. வேலை கிடைத்த பிறகு எழுதலாம் என்று வைத்திருந்தேன். பதினான்கு மாதமாக வேலை இல்லை, கொப்பியின் ஓரம் மஞ்சளாகத் தொடங்கிவிட்டது. ஒன்றும் நடக்காத நாட்களை எழுதி இதைப் பழுதாக்கப் போகிறேன்.

இன்று அப்பா கடலுக்குப் போய் வந்தார். அம்மா நண்டுக் கொம்பனிக்குப் போய், நாள் முழுதும் நண்டுச் சதை எடுத்துவிட்டு வந்தார். நான் எங்கும் போகவில்லை. எங்கள் குருநகர் ஒழுங்கையிலிருந்து கம்பஸ் போன முதல் ஆள் நான் என்று, கிழிந்த வலை பொத்துகிறவர்களிடம் அப்பா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். முன்பு அவர்கள், "அப்ப வேலை எங்கை, யாகோப்பு?" என்று கேட்பார்கள். இப்போது கேட்பதில்லை. அதுதான் அதிகம் சுடுகிறது.

பெப்ரவரி 26

பக்கத்து மாடி வீட்டுக்குக் குடிவந்திருக்கும் லவீனா அக்கா மதிலுக்கு மேலால் கூப்பிட்டார். கொழும்பில் வளர்ந்தவர். கணவர் கொலின்ஸ் வங்கியில் மாற்றலாகி வந்திருக்கிறார். வீட்டுக் கூரை ஒழுகுகிறதாம். வீட்டுக்காரர் நோர்வேயில். போன் எடுத்தால் "பாப்பம், பாப்பம்" என்கிறாராம்.

"எனக்குத் தமிழ்ல பேச வரும், வாசிக்க வரும், கடிதம் எழுத வராது. நீங்க பி.ஏ. தானே, ஒண்டு எழுதித் தாங்களேன்."

போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதினேன். கூரையைப் பற்றி முறையிடவில்லை. வீட்டுக்காரரின் தாயுடைய படம் மாட்டியிருக்கும் சுவரால் தண்ணீர் இறங்குகிறது, படத்தில் அவருடைய கன்னத்தில் ஒரு கோடு விழுந்துவிட்டது என்று மட்டும் எழுதினேன்.

மார்ச் 9

மேசன் வந்து ஓடு மாற்றுகிறார். லவீனா அக்கா கேக் கொண்டுவந்தார். "அந்தாள் போன்ல அழுதிட்டார், ஜெசி! வேற என்ன எழுதி வச்சிருக்கே?"

ஒன்றுமில்லை என்றேன். பிறகு கதைகள் எழுதிக் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்த மூன்று கொப்பிகளையும் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன்? அதுவரை ஒருவரும் கேட்கவில்லை. அதுதான்.

ஏப்ரல் 20

செவ்வாயும் வியாழனும் பின்னேரம் நாலு மணி, அக்காவின் குசினி மேசை. நான் கொப்பியிலிருந்து வாசிப்பேன், அவர் லப்டொப்பில் அடிப்பார். திடீரென்று நிறுத்துவார். "இந்தப் பொம்பிளை ஏன் இப்ப அழுறா? போன பக்கத்திலயும் அழுதாவே." சரியாகத்தான் சொல்கிறார். என் கதைகளில் எல்லோரும் இரண்டு தரம் அழுகிறார்கள். அக்கா ஒரு அழுகையை வெட்டி விடுவார். கதை நிமிர்ந்து நிற்கும்.

இன்று "கச்சான் எழும்பிவிட்டது, வள்ளங்கள் இறங்கவில்லை" என்று வாசித்தேன்.

"கச்சான் எப்படி எழும்பும்? கடுதாசிச் சரையை உடைச்சுக்கொண்டா?"

அவருக்குக் கச்சான் என்றால் வறுத்த நிலக்கடலை மட்டும்தான். மேற்கிலிருந்து வரும் காற்றுக்கும் அதுதான் பெயர் என்று விளங்கப்படுத்தினேன். இரண்டு பேரும் மேசையில் தலையை வைத்துச் சிரித்தோம். கொலின்ஸ் அண்ணை எட்டிப் பார்த்து, "கதை எழுதுறீங்களா, கச்சான் விக்கிறீங்களா?" என்றார். அதற்கும் சிரித்தோம். வயிறு நொந்தது.

யூன் 15

"எங்கட கதை" என்று அக்கா இன்று சொன்னார். உன்ர இல்லை, என்ர இல்லை. எங்கட.

ஓகஸ்ட் 31

நண்டுக் கொம்பனியில் வேலை செய்யும் பெண்ணின் கதை முடிந்தது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இடப்பெயர்வோடு இரண்டாம் வகுப்பில் படிப்பை விட்டவர், படித்த எழுத்துகளும் மறந்துவிட்டன, வாசிக்கத் தெரியாது. கேட்டு முடித்துவிட்டு, நண்டு கீறிய விரல்களைத் தேய்த்தார்.

"உதை சுப்பவைசர் வாசிச்சா என்னை நிப்பாட்டிப்போடுவான்."

"அவர் கதைப் புத்தகம் வாசிக்கிற ஆளில்லை, அம்மா."

"அப்ப ஆர்தான் வாசிக்கிறது?"

 இதை அக்காவிடம் பகிடியாகச் சொன்னேன்: என் பெயரைக் கண்டால் அம்மாவுக்கு வேலை போய்விடும் என்று. சிரித்தார்.

ஒக்ரோபர் 24

ஒன்பது கதைகள். அக்காவின் கொழும்புச் சிநேகிதி ஒருவர் புத்தகமாகப் போடுகிறார். இன்று மேசையில் லப்டொப் இல்லை, ரோஸ் பாண் மட்டும். அக்கா பட்டர் பூசிக்கொண்டே கேட்டார்: "அட்டையில பேர் எப்படிப் போடுவோம்?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. மேசையைப் பார்த்தபடி சொன்னேன்: "உங்கடை விருப்பம், அக்கா."

"சரி" என்றார். பாணை என் பக்கம் தள்ளினார்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரே சந்தோசம். எந்தப் பெயர் முதலில் வரும்? வயதுக்கு மூத்தவர், அவருடையது முதலில் வரட்டும்.

2024 ஜனவரி 18

புத்தகப் பெட்டி வந்துவிட்டது. அக்கா மதிலால் கையைக் காட்டினார். செருப்புப் போடாமல் ஓடினேன்.

நீல அட்டை. கடலும் இல்லை, வள்ளமும் இல்லை, ஒரேயொரு நண்டுக் கால். நல்ல அட்டை. கீழே: லவீனா கொலின்ஸ்.

திருப்பினேன். பின்னுக்கு அக்காவின் படம். உள்ளே நன்றிப் பக்கத்தில் ஆறாவது ஆளாக நான்: "கையெழுத்துப் பிரதிகளில் உதவிய அயல்வீட்டுத் தங்கை ஜெசிதா." எனக்கு முன்னால் கொலின்ஸ் அண்ணை, தேநீர் ஊற்றித் தந்ததற்காக.

"அக்கா, என்ரை பேர்..."

"நான் கேட்டேனே, ஜெசி. நீதானே 'உங்கட விருப்பம்' எண்டு சொன்னே?"

"ஓம்."

"அம்மாவுக்கு வேலை போயிடும் எண்டும் நீதான் சொன்னே. உனக்குப் பிரச்சினை வரக்கூடாதெண்டுதான் பார்த்தேன். கோவமா?"

"இல்லை."

கேக் வெட்டித் தந்தார். நின்று சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

ஜனவரி 19

எங்கடை ஆக்கள் "உங்கடை விருப்பம்" எண்டு சொன்னா, விருப்பத்தை உங்களுக்குத் தந்திட்டம் எண்டே அர்த்தம்? எது சரி எண்டு உங்களுக்குத் தெரியும், என்னை வாய் திறக்க வைக்காதையுங்கோ எண்டுதானே அர்த்தம்! கலியாணத்துக்கு நாள் வைக்கேக்கை பொம்பிளை வீட்டார் "உங்கடை விருப்பம்" எண்டுவினம். மாப்பிளை வீட்டார் தங்கடை விருப்பத்துக்கு வைச்சாப் பிறகு மூண்டு வருசம் கதைக்காமல் இருப்பினம். அவவுக்கு அது தெரியாதோ? கொழும்பிலை வளர்ந்தவ, தெரியாது. சரி. — ஆனா ஒன்பது மாதம் ஒரு மேசையிலை இருந்தவ. என்ரை ஆக்கள் எந்தப் பக்கத்திலை ஏன் அழுகினம் எண்டு கண்டுபிடிக்கிறவ. எனக்கு முகம் சிவந்ததைக் காணேல்லையோ?

நான் ஏன் சொல்லேல்லை? இரண்டு சொல்லுத்தானே. "என்ரை பேரையும்." இருபத்தாறு வயசு, ஒரு பட்டம், இரண்டு சொல்லுச் சொல்ல ஏலாது.

ஜனவரி 23

செவ்வாய். நாலு மணிக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று அம்மாவிடம் பொய் சொல்லிப் படுத்திருந்தேன்.

நியாயமாக எழுத வேண்டும். மூன்று கதைகளின் முடிவு அக்காவுடையது. அவர் வெட்டாவிட்டால் அந்தக் கொப்பிகள் கட்டிலுக்குக் கீழேயே கிடந்திருக்கும். நோர்வேக்கு ஒரு கடிதம் எழுத வராதவர் என்றும் எழுத வேண்டும். இரண்டும் உண்மை. இரண்டு பெயர் போட அட்டையில் இடமும் இருந்தது. அளந்து பார்த்தேன்.

பெப்ரவரி 10

வெளியீட்டு விழா. "நீதானே ஜெசி எனக்கு எல்லாம்" என்று காலையில் அக்கா வந்து கூட்டிக்கொண்டு போனார். மண்டபத்தில், தேநீரோடு கொடுக்கும் றோல்ஸ் தட்டைத் தந்தார். பின் வரிசையிலிருந்து தொடங்கி எல்லோருக்கும் கொடுத்தேன்.

அக்கா நன்றாகப் பேசினார். கூட்டத்தைச் சிரிக்க வைத்தார். "எனக்குக் கச்சான் எண்டா கடலைதான். ஒரு நாள் கடற்கரையில ஒரு மீனவப் பெண் சொன்னா, அது காற்றாம்!" கைதட்டினார்கள். நானும் தட்டை மேசையில் வைத்துவிட்டுக் கைதட்டினேன். நான் அவருடன் கடற்கரைக்குப் போனதேயில்லை. குசினியில்தான் இருந்தேன்.

முன்வரிசையில் நீக்கிலாப்பிள்ளை சேர். எனக்கு உயர்தரத்தில் தமிழ் படிப்பித்தவர். இரண்டாவது றோல்ஸ் எடுக்கும்போது என்னை அடையாளம் கண்டுவிட்டார்.

"எட, யாகோப்பின்ரை மகளே! அந்த நண்டுக் கதையை வாசிச்சனியோ? எங்கடை சனத்தை அவ எவ்வளவு வடிவாய்ப் பாத்திருக்கிறா. நீயும் ஏதும் எழுதுறனியோ, பிள்ளை?"

"இல்லை, சேர்."

"எழுத வேணும். பட்டம் எடுத்திட்டுச் சும்மா இருக்கக் கூடாது."

பெப்ரவரி 11

ஞாயிறு. பூசை முடிந்து வந்து அப்பா புத்தகத்தைக் கையில் எடுத்தார். அப்பா எழுத்துக் கூட்டி வாசிப்பார். அட்டையை வாசித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார். "நல்ல கடதாசி" என்று சொல்லி வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தார். "உன்ரை பேர் எங்கை கிடக்கு? காட்டு பாப்பம்."

நன்றிப் பக்கத்தைத் திறந்திருக்கலாம். அங்கே உண்மையாகவே என் பெயர் இருக்கிறது. ஆனால் அம்மா அட்டையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய விரலை எடுத்து நண்டுக் காலுக்குக் கீழே வைத்தேன். லவீனா கொலின்ஸ் என்பதன் மேல்.

அம்மாவுக்குத் தெரிந்தது ஐந்து எழுத்து. சம்பள நாளில் கையெழுத்து வைப்பதற்காக நான் பழக்கிய அவருடைய பெயர்: பெர்னடெட். அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தடவிக்கொண்டு போனார். ஓரிடத்தில் நின்றார்.

"இஞ்சை பார், இது என்ரை எழுத்தெல்லே? என்ரை பேருக்கு நடுவிலை வாறது. 'ன'."

"ஓம், அம்மா."

"அங்காலையும் ஒண்டு கிடக்கு, மேலை குத்துப் போட்டு." எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உன்ரை பேருக்குள்ளை என்ரை எழுத்து ரண்டு கிடக்கு. இவ்வளவு காலமும் எனக்குத் தெரியாமல் போச்சே."

ஜெசிதாவில் 'ன' இல்லை.

பெப்ரவரி 12

புதனோடு, மச்ச மாமிசம் விலக்கும் தவசுகாலம் தொடங்குகிறது. அதற்குள் லவீனா அக்காவுக்கு நண்டுக் கறி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நிற்கிறார். "என்ரை பிள்ளையின்ரை பேரை அட்டையிலை போட்டுவிட்டவ. வெறுங்கையோடை போய் நன்றி சொல்லேலுமே?" நாளைக்கு லீவும் எடுத்துவிட்டார். புத்தகத்தையும் கொண்டு போகிறாராம்.

அக்காவிடமிருந்து போனில் மூன்று செய்திகள் வந்து கிடக்கின்றன. கடைசியாக வந்தது: "செவ்வாய் வாறியா? அடுத்த புத்தகம் தொடங்குவோம்." பதில் எழுதினேன். முதலில் நீளமாக. அடுத்த பதிப்பில் என் பெயரும் வர வேண்டும் என்று எழுதினேன், அழித்தேன். கடற்கரையில் கண்ட மீனவப் பெண் யார் என்று கேட்டு எழுதினேன், அதையும் அழித்தேன். மிஞ்சியதை அனுப்புவதற்கு முதல் இங்கே எழுதி வைக்கிறேன்:

"அக்கா, இனிச் செவ்வாயும் வியாழனும் நான் வரமாட்டன். நாளைக்கு அம்மா கறி கொண்டு வருவா. என்ரை மூண்டு கொப்பியையும் அவவிட்டைக் குடுத்து விடுங்கோ. கடைசியாய் ஒண்டு கேக்கிறன். அம்மா புத்தகத்தைக் கொண்டுவந்து, உங்கடை பேரிலை விரலை வைச்சு, 'இது என்ரை பிள்ளையின்ரை பேர்தானே?' எண்டு கேப்பா. ஓம் எண்டு சொல்லுங்கோ."