ரொசாரியோ வெறுங்கையோடு வந்த ஞாயிறு

என் மார்த்தாவுக்கு,

எங்கே இருந்தாலும் நன்றாகப் போர்த்திக்கொண்டு இரு. மொன்றியல் குளிருக்கு உன்னைப்போல் நடுங்கிய ஆளை நான் கண்டதில்லை. நான் சுகம் என்று எழுதினால் நீ நம்பப் போவதில்லை, அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

உனக்கு வாசிக்கத் தெரியாத தமிழில்தான் எழுதுகிறேன். உன் ஸ்பானிஷில் எனக்கு நாலு சொல் சேர்த்து எழுத வராது. புதிதாய் வந்தவர்களுக்கான பிரெஞ்சு வகுப்பில் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்தோம். அந்த அரைகுறைப் பிரெஞ்சிலேயே காதலித்தோம், அதிலேயே சண்டையும் பிடித்தோம். ஆனால் இந்த வாரம் நடந்ததைச் சொல்ல அது காணாது. நம் வீட்டிலும் ரொசாரியோவோடும் நான் பேசுவது பிரெஞ்சு என்றாலும் இந்தக் கடிதத்தில் எல்லோரும் என் தமிழில்தான் பேசுவார்கள், பொறுத்துக்கொள்.

விஷயம் இதுதான். உன் தங்கை ரொசாரியோ நம் எலேனாவைத் தன்னிடம் தரச் சொல்லிக் கேட்டாள். விடுமுறைக்கு நாலு நாள் நிற்பதற்கு அல்ல. தன் வீட்டிலேயே இருந்து, பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகட்டுமாம்.

தொடங்கியது பள்ளிக்கூடத்தில்தான். எலேனாவுக்கு இப்போது பதினாலு வயது. இந்த செப்டம்பரில் தொடங்கும் வகுப்பில் மூன்றாம் மொழியாக ஸ்பானிஷ் எடுக்கலாம் என்றார்கள். எனக்குப் பெரிய சந்தோஷம். அவளோ வேண்டாம் என்று சொல்லி நாடக வகுப்பை எடுத்துவிட்டாள். ஏனென்று கேட்டேன்.

"எனக்குத் தெரிஞ்ச ஸ்பானிஷ் முழுக்க அம்மா ஏசின ஸ்பானிஷ், அப்பா. அதுக்கு ஒரு ரீச்சர் மார்க்ஸ் போட வேண்டாம்" என்றாள்.

நீ ஒருநாளும் உன்னை லத்தீனா என்று சொன்னதில்லை. எல் சல்வடோர் என்பாய், அதிலும் உன் ஊரின் பெயரைச் சொல்லாமல் விடமாட்டாய். லத்தீனா என்ற சொல்லை எலேனா பள்ளிக்கூடத்து நடைபாதையில்தான் கேட்டுப் பழகினாள். அங்கே கொலம்பியா, பெரு, மெக்சிக்கோ என்று எல்லாப் பிள்ளைகளும் ஒரே கூட்டம். யாழ்ப்பாணம், மன்னார், சென்னை எல்லாம் இந்த ஊரில் ஒரே தமிழர் ஆனதுபோலத்தான். இவள் முகத்தைப் பார்த்ததும் ஸ்பானிஷில் கதை கொடுப்பார்களாம். இவள் பிரெஞ்சில் பதில் சொன்னால், "அப்ப நீ எங்கட ஆள் இல்லை" என்பார்களாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

என் பக்கத்துக்கு ஆட்கள் தாராளம். கோயில், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு, பிறந்தநாள் மண்டபம், எந்நேரமும் ரெலிபோனில் என் அக்கா. எலேனா ஓடி ஒளிந்தாலும் தமிழ் அவளைத் தேடிப் பிடித்துவிடும். ஸ்பானிஷுக்கு நம் வீட்டில் நீ ஒருத்திதான் இருந்தாய். நீ போய் இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. பிள்ளை யாரோடு கதைப்பாள்?

சாப்பாட்டிலாவது ஏதாவது செய்யலாம் என்று பார்த்தேன். உன் பிறந்தநாளன்று புப்புசா சுடப் போனேன். சோளமாவைத் தட்டி, அரைத்த பீன்ஸை நடுவில் வைத்து, நீ மூடுவதுபோல் மூடித்தான் கல்லில் போட்டேன். எல்லாம் வெடித்து வெளியே வந்து, கடைசியில் கருகின குரக்கன் ரொட்டிபோல ஒன்று தட்டுக்கு வந்தது. எலேனா ஒரு வார்த்தை சொல்லாமல் முழுவதையும் தின்றாள். நல்லாயில்லை என்று சொல்லியிருந்தால் எனக்கு மனம் ஆறியிருக்கும்.

ரொசாரியோவுக்கு என்மேல் இருக்கும் கோபம் உனக்குத் தெரியாது, ஏனென்றால் அது நீ போன பிறகு வந்தது. செத்த வீட்டில் எங்களுக்கு முப்பத்தொரு நாள் மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் சேராது. உங்கள் ஆட்களுக்கோ ஒன்பது இரவு செபமாலை, வருகிறவர்களுக்கு வயிறு நிறையச் சாப்பாடு. முதல் இரவே ரொசாரியோ பன்றி இறைச்சி வைத்த புப்புசாவை ஒரு பெரிய தட்டம் நிறையச் சுட்டுக்கொண்டு வந்தாள். என் அக்கா அதை வாங்கி, பல்கனியில் பனிக்குமேல் வைத்துவிட்டாள். குளிர்காலத்தில் எங்களுக்கு பல்கனிதான் இரண்டாவது பிரிஜ். அக்கா எறிய நினைக்கவில்லை, அது சத்தியம். ஆனால் ரொசாரியோ கண்ணாடிக் கதவுக்குள்ளால் பார்த்தது, தன் அக்கா உன் வீட்டிலேயே உன் ஊர்ச் சாப்பாடு வெளியே கிடப்பதை. அன்றைக்குப் போனவள்தான். எலேனாவை வெளியில் சந்திப்பாளே தவிர, நம் வாசற்படி மிதிக்கவில்லை.

போன ஞாயிறு வந்தாள். நகரத்தின் அந்தக் கோடியில் இருந்து இங்கே பியர்பொன்ட்ஸில் நம் வீட்டுக்கு மெட்ரோவும் பஸ்ஸும் மாறி மாறி வர எவ்வளவு நேரம் என்று உனக்குத் தெரியும். வெறுங்கையோடு வந்தாள், மார்த்தா. உங்கள் ஆட்கள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவாவது இல்லாமல் ஒரு வீட்டுக்குப் போவார்களா? இன்றைக்குச் சண்டைதான் என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

இடியப்பமும் சொதியும் வைத்தேன். தொடவில்லை. தேநீர்க் கோப்பையை ஒரு விரலால் அந்தப் பக்கம் தள்ளினாள்.

"நீர் விடியமுதல் துறைமுகத்துக்குப் போறீர். பொழுதுபட்டாப் பிறகு வாறீர். பிள்ளை வெறும் வீட்டைத் திறந்துகொண்டு வருது" என்றாள்.

"லொறியில கொன்டெய்னர் இழுக்காட்டி சாப்பிடுறது எப்பிடி?"

"சாப்பாட்டைப் பற்றி என்னோட கதையாதையும்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுத் தொடர்ந்தாள். "இந்த வீட்டில சோளமா மணக்குதா? ஒரு ஸ்பானிஷ் சொல்லுக் கேக்குதா? இன்னும் ரெண்டு வருசம் போனா அவள் முழுத் தமிழ்ப் பிள்ளை."

"தமிழ்ப் பிள்ளையா இருந்தா என்ன குறைஞ்சு போகும்? அவள் என்ர பிள்ளையும்தான்."

"குறைஞ்சு போகாது. பாதி இல்லாமல் போயிடும்."

எனக்குப் பொறுக்கவில்லை. என் குணம் உனக்குத் தெரியும்தானே. "தகப்பன் உயிரோட இருக்கேக்க பிள்ளையை ஏன் ஆரிட்டையும் குடுக்கவேணும்?" என்று மேசையில் அடித்தேன். தேநீர் சிந்தி மேசை விரிப்பெல்லாம் ஓடியது.

எலேனா மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். இறங்கி வந்தாள்.

"நான் தியாவோட போறன், அப்பா."

தியா என்றுதான் அவள் தன் சின்னம்மா ரொசாரியோவைக் கூப்பிடுவாள். போகிறேன் என்று சொல்ல ரொசாரியோதான் சொல்லிக் கொடுத்திருக்கிறாள் என்று முதலில் நினைத்தேன். ஆனால் ரொசாரியோவும் வாயைத் திறந்தபடி இருந்தாள், அவளும் இதை எதிர்பார்க்கவில்லை.

"ஏன்? அந்தப் பள்ளிக்கூடப் பெட்டையள் சொன்னதுக்கோ?"

"இல்லை."

"ஸ்பானிஷ் படிக்கவோ? இங்க வகுப்பு இருந்ததே. நீதானே வேண்டாம் எண்டனி?"

சட்டையின் நுனியைப் பிடித்து முறுக்கிக்கொண்டு நின்றாள். "அம்மாவின்ர குரல் எனக்கு மறந்துகொண்டு வருது, அப்பா. போனில இருக்கிற வீடியோ எல்லாத்திலயும் அம்மா பிரெஞ்சுதான் கதைக்கிறா, உங்களுக்கு விளங்கவேணும் எண்டு. என்னோட கதைச்ச மாதிரி ஒண்டும் இல்லை. தியா ஸ்பானிஷ் கதைக்கேக்க அப்பிடியே அம்மா."

ரொசாரியோ முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, சிந்தின தேநீரைத் துடைத்தேன். இந்த வீட்டில் அவளுக்கு எதையும் குறைவிடாமல் பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உன் குரலுக்கு நான் எங்கே போவேன், மார்த்தா? என்னிடம் அது இல்லை. உன் தங்கையின் தொண்டையில் இருக்கிறது.

"இந்தப் பள்ளி வருசம் மட்டும்" என்றேன். "ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வீட்டுக்கு வரவேணும்."

"பாப்பம்" என்றாள் ரொசாரியோ, கோப்பையில் மிஞ்சியிருந்த ஆறின தேநீரை எடுத்துக் குடித்துக்கொண்டு. குடித்ததில் நிம்மதி. அந்தப் 'பாப்பம்' இன்னும் குத்துகிறது.

அக்காவுக்குச் சொன்னதும் குதித்தாள். "உனக்கென்ன விசரே? பொம்பிளைப் பிள்ளையை ஆரோ வீட்டில கொண்டுபோய் விடுவியோ?"

"ஆரோ வீடு இல்லை, அக்கா. அவளின்ர சின்னம்மா வீடு" என்றேன். அப்படிச் சொன்னபோது என் குரல் எனக்கே உறுதியாகத்தான் கேட்டது. போனை வைத்த பிறகு அதையே எனக்கு நானே இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தேன்.

நேற்று முன்தினம் கொண்டுபோய் விட்டேன். உன் தங்கை வீட்டுக்கு வெளியால் போகும் வளைந்த இரும்புப் படி உனக்கு ஞாபகம் இருக்கும், நீ எப்போதும் ஏசிக்கொண்டே ஏறுவாய். பெட்டி இரண்டையும் மேலே வைத்தேன். எலேனா என்னைக் கட்டிப் பிடித்துவிட்டு உள்ளே போனாள். நான் பாதிப் படி இறங்கியிருப்பேன், குசினிக்குள் இருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

என் கால் அப்படியே நின்றுவிட்டது. ரொசாரியோதான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கூப்பிட்டது நீ.

எலேனா பதில் சொன்னாள், ஸ்பானிஷில், கொஞ்சம் சிடுசிடுப்பாய், உன்னோடு வாய்காட்டுவாளே அதே மாதிரி. உள்ளே இருந்து இன்னும் வேகமாய் ஏதோ வந்தது. பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு ஒரு சொல் விளங்கவில்லை. திரும்ப ஏறிப்போய்ப் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட வேண்டும் என்றும் இருந்தது, அந்தப் படியிலேயே இருந்து கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. காருக்குள் வந்து இருந்து நன்றாக அழுதேன்.

நாளைக்கு வெள்ளி. "வாறியாம்மா?" என்று போனில் எழுதி அனுப்பினேன். வாசித்துவிட்டாள் என்று காட்டுகிறது. பதில் இன்னும் இல்லை. அங்கே சிரிப்பும் கதையுமாய் இருக்கிறாளா, வேலையாய் இருக்கிறாளா, இல்லை எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறாளா?

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். பதில் வந்தாலும் வராவிட்டாலும் வேலை முடிந்ததும் அங்கே போவேன். கீழே நின்று ஹோர்ன் அடிக்கமாட்டேன். படியேறிப் போய்க் கதவைத் தட்டுவேன். வருகிறேன் என்றால் கூட்டி வருவேன். வரவில்லை என்றால் இழுக்கமாட்டேன், மேசையில் அடிக்கமாட்டேன். அவர்கள் இரண்டு பேரும் கதைத்துக்கொண்டிருக்க, ஒன்றும் விளங்காமல் அங்கே ஒரு கதிரையில் இருந்துவிட்டு வருவேன். அடுத்த வெள்ளியும் போவேன், அதற்கடுத்த வெள்ளியும். பிள்ளைமேல் சத்தியம்.

ரொசாரியோவின் அத்தான், எலேனாவின் அப்பா,
என்றும் உன்
நேசன்