பொட்டுவின் படுக்கைக்கு

மார்ச் 4

லாண்டரிக்காரருக்கு,

நலம். நீங்கள் எப்படி என்று கேட்கவில்லை, பொட்டு எப்படி? போனில் பேசினால் இரண்டு நிமிஷத்தில் சண்டை வருகிறது என்று நீங்கள்தானே எழுதச் சொன்னீர்கள்? பொறுமையாகப் படியுங்கள்.

பதினான்காம் தேதி நம் தெருக்கோடி மைதானத்துக்குத் திறப்பு விழா, வாணவேடிக்கை என்று பேப்பரில் பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். குக்கர் விசிலுக்கே கட்டிலடியில் ஒளிகிற நாய் அது. வெளிச்சம் இருக்கும்போதே வெளியே கூட்டிப்போய் வந்து, சீக்கிரம் சோறு போட்டுவிடுங்கள். ஜன்னல்களைச் சாத்தி, குளியலறையில் படுக்கை போட்டு, ரேடியோவைப் பாட விடுங்கள். கழுத்துப் பட்டையில் உங்கள் நம்பர் இருக்கட்டும். நடுங்கினால் அதட்டாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். என் பழைய நைட்டி ஒன்று பார்சலில் வருகிறது. அதை அவன் படுக்கையில் போடுங்கள்.

இந்த ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸில் நாய் வளர்க்க விட்டிருந்தால் உங்களைக் கெஞ்சியிருக்க மாட்டேன். மாதக் கடைசியில் லீவு. அவனைப் பார்க்க வருகிறேன்.

இப்படிக்கு,
நர்ஸம்மா

மார்ச் 9

கோபக்கார நர்ஸம்மாவுக்கு,

நீ கேட்காவிட்டாலும் நானும் நலம்தான். பொட்டு நேற்று வாடிக்கையாளர் ஒருவரின் சாக்ஸைக் கடித்துக் குதறிவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி என் காலடியிலேயே படுத்துக்கொண்டான். உன் செல்லம் அப்படி!

பார்சல் வந்தது. ஏன்டி, கழுத்தெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, கையில் டீக்கறை! லாண்டரிக்காரன் பெண்டாட்டி அனுப்புகிற லட்சணமா இது? வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு தடவை அலசி, இஸ்திரியும் போட்டுப் படுக்கையில் விரித்துவிட்டேன். புதுத்துணி தோற்றது போ.

மற்றதெல்லாம் நீ சொன்னபடியே செய்கிறேன். லீவுக்கு வரும்போது ஸ்டேஷனுக்கு வரட்டுமா? சும்மா கேட்டேன்.

உன்,
லாண்டரி

மார்ச் 11

லாண்டரிக்காரருக்கு,

அட கடவுளே, அதைப் போய்த் துவைத்தீர்களா! ஒரு வாரம் அதையே போட்டுப் படுத்தேன். "என்னக்கா, மாத்திக்க வேற துணியே இல்லையா?" என்று கூட இருக்கும் நர்ஸ் கேலி பண்ணியதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். எதற்கு? என் வாசனை அதில் ஏறட்டும் என்றுதான். இடி இடித்தால் என் மடியில் மூக்கைப் புதைத்துக்கொள்வானே, மறந்துவிட்டதா? அந்த நைட்டி கிடந்தால் நான் பக்கத்தில் இருப்பதாக நினைத்துப் படுத்திருப்பான்.

போன் போட்டேன், எடுக்கவில்லை. உங்கள் மெஷின் சத்தத்தில் எங்கே கேட்கப்போகிறது! இன்னொன்றைக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். உங்களுக்குப் புண்ணியமாகப் போகட்டும், இதைத் தண்ணீரில் போடாதீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஸ்டேஷனுக்கு வாருங்கள்.

நர்ஸம்மா

மார்ச் 17

நர்ஸம்மா,

போனில் உன்னிடம் "பொட்டு போய்ட்டான்" என்று மட்டும்தான் சொன்னேன். உடனே நீ வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன்.

நீ எழுதியதில் ஒன்றையும் விடவில்லை. கூரியர் மட்டும் வரவில்லை. முதல் வெடிக்கே அவன் அந்த நைட்டியைப் பல்லால் இழுத்து, புரட்டிப் புரட்டி மோந்து பார்த்தான். மடிப்புக்குள் மூக்கை விட்டுத் தேடினான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். நான் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். அவன் உடம்பு கிடுகிடுவென்று ஆடியது. அந்த நேரத்தில் கீழே கடையில், "அண்ணே, சட்டை ரெடியா? விழாவுக்கு நேரமாச்சு" என்று ஒருவன் கத்தினான். கொடுத்து அனுப்பிவிடலாம் என்று எழுந்தேன். குளியலறைக் கதவைத் திறந்ததும் என் காலிடுக்கில் புகுந்து படியிறங்கிவிட்டான். பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில் அவன் வால் மட்டும் தெரிந்தது.

ஓடினேன். வெடிப்புகையில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு போன் வந்தது. "பட்டைல உங்க நம்பர் இருந்துச்சு சார். மெயின் ரோடு பக்கம் கொஞ்சம் வாங்க" என்றார் யாரோ. வேன் அடித்திருக்கிறது. நான் போனபோது உயிர் இருந்தது. என் கையை நக்கவில்லை, மோந்து பார்த்தான். சோப்பு வாடைதானே அடித்திருக்கும்!

கூரியர் நேற்று வந்தது. பிரிக்கவில்லை.

என்னைத் திட்டி ஒரு வரியாவது எழுது.

மார்ச் 22

உங்களுக்கு,

திட்ட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். வரவில்லை. துவைக்காதீர்கள் என்று முதல் கடிதத்திலேயே நான் எழுதியிருக்க வேண்டும். அழுக்குத் துணியைக் கண்டால் உங்கள் கை சும்மா இருக்காது என்று இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரியாதா?

அவனைப் பார்க்க வருகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். உங்களைப் பார்க்கத்தான் வருவதாக இருந்தேன். பொட்டு என்மேல் தாவிக் குதிப்பான், நீங்கள் அவனை அதட்டுவீர்கள், நான் உங்களை அதட்டுவேன், அந்தக் கூச்சலிலேயே வீட்டுக்குள் வந்துவிடலாம் என்று நினைத்தேன். யாரும் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியிருக்காது. இனி நீங்களும் நானும் நேருக்கு நேர் நின்றால் என்ன பேசுவது? யோசித்துப் பார்த்தேன். நமக்குள் பேச அவனை விட்டால் வேறு ஒன்றுமே இல்லை.

டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிட்டேன். ஸ்டேஷனுக்கு வந்து நிற்காதீர்கள்.