செவ்வாய்க்கிழமை ராகுகாலம்

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காலையிலிருந்தே அனல். லேபர் ரூம் ஏசி மறுபடி ரிப்பேர். பெரிய டாக்டரின் அறையில் மட்டும் ஜில்லென்று ஓடுகிறது. ஆஸ்பத்திரி அவருடையது, நான் அவரிடம் சம்பளத்துக்கு இருக்கும் ட்யூட்டி டாக்டர். (இனி அவர் பெ.டா. முழுசாக எழுதக் கை கூசுகிறது.)

முத்துலட்சுமி, 23 வயது, ஏழாயிரம்பண்ணை. பட்டாசு கம்பெனியில் திரி வைக்கிற வேலை. தலைப்பிரசவம். மதியம் ஒன்றரைக்கே கர்ப்பவாய் முழுசாகத் திறந்துவிட்டது. ஒரு மணி நேரம் முக்கியும் குழந்தை வரவில்லை. 2.40க்குப் பெ.டா. வந்து பார்த்து, சிசேரியன் என்றார். மயக்க டாக்டர் வந்தாயிற்று. தியேட்டர் தயார். மணி 2.55.

பெ.டா. கடிகாரத்தைப் பார்த்தார். "மூணுலேருந்து ராகுகாலம். நாலரைக்கு மேல கத்தி வைப்போம்."

"சார், தலை இடுப்புக்குள்ள ரொம்ப இறங்கிருச்சு. லேட்டானா இறுகிக்கும்."

"துடிப்பு நல்லாத்தானம்மா இருக்கு? முப்பது வருசமா ராகுகாலத்துல நான் கத்தியத் தொட்டதில்ல. ஒரு கேஸ் கெட்டதில்ல."

அவர் காபி குடிக்கப் போனார். அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

4.35க்கு வயிற்றைத் திறந்தோம். தலை இடுப்பெலும்புக்குள் ஆப்பு அடித்த மாதிரி. கீழே விரல் நுழைய இடமில்லை. பெ.டா. கையைத் திணித்து நெம்பினார். கர்ப்பப்பை இடது பக்கம் கிழிந்து ரத்தம் கொட்டியது. ஜெயா சிஸ்டர் கீழ் வழியாக விரல்களை விட்டு, தலையை மேலே தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை.

"சார், காலைப் பிடிச்சு எடுத்துரலாம்."

"அப்ப நீயே எடு." பின்னால் நகர்ந்துகொண்டார். நெற்றியெல்லாம் வியர்வை.

கர்ப்பப்பையின் மேல்பக்கம் கையை விட்டேன். ஒரு பாதம். இன்னொன்று. மெல்ல இழுத்தேன். கால், இடுப்பு, நெஞ்சு. குழந்தையின் வலது கை மேலேயே மாட்டிக்கொண்டது. அதை விடுவிக்கும்போது என் விரலுக்கடியில் சடக். கடைசியில் தலை. பெண். அழவில்லை. மாஸ்க் வைத்து மூச்சு கொடுத்தோம். மூன்று நிமிடம் கழித்து ஈனமாக ஒரு அழுகை. அம்மாவுக்கு இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினோம்.

இரவுச் சாப்பாடு: ஒரு பன், டீ. பன்னில் பாதி மிச்சம்.

ஆகஸ்ட் 20, புதன்

குழந்தை பால் குடிக்கிறது. வலது கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருக்கிறோம். மூன்று வாரத்தில் எலும்பு கூடிவிடும்.

கேஸ் ஷீட் பார்த்தேன். பழைய தாளைக் காணோம். புதுத் தாள், அவர் கையெழுத்து. "கர்ப்பவாய் முழுமையாகத் திறந்தது 4.10." அதற்குக் கீழே: "உதவி மருத்துவர் அவசரப்பட்டுக் காலைப் பிடித்து இழுத்ததால் கை முறிவு."

அவசரப்பட்டு! நானா!

பழைய தாள் எங்கே என்று ஜெயா சிஸ்டரிடம் கேட்டேன். "எனக்கு ரெண்டு பிள்ளைக படிக்குது மேடம்" என்றாள். சரி.

ஆகஸ்ட் 21, வியாழன்

வார்டு வாசலில் முத்துலட்சுமியின் மாமியார் பேச்சியம்மாள் பிடித்துக்கொண்டாள். அத்தனை பேர் முன்னால்.

"பச்சப்புள்ள கைய ஒடிச்சுப்புட்டியே, நீ நல்லாருப்பியா? பெரிய டாக்டரு எல்லாத்தையும் சொல்லிட்டாரு. உன் கையில புத்துதான் வைக்கும்!"

அதே நேரம் பெ.டா. படியேறி வந்தார். "சின்னப் பொண்ணு, அனுபவம் பத்தாது. மன்னிச்சிருங்க ஆத்தா" என்றார். என்ன பெருந்தன்மை!

அவருக்கு நான் வேண்டிக்கொள்வது:
– தாங்க முடியாத பல்வலி. மதியம் மூன்று மணிக்கு. பல் டாக்டரும் நாலரை வரை காத்திருக்கச் சொல்லவேண்டும்.
– அவருடைய லைசென்ஸ் பறிபோகவேண்டும்.
– போர்டில் அவர் பெயர் இருக்கும் இடத்தில் வெறும் ஆணித் துளைகள்.
– காய்கறி, பெனாயில், அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை. (தாள் கிடைக்கவில்லை, இதிலேயே எழுதுகிறேன்.)

தூக்கம் வரவில்லை. மன்னிப்பதெல்லாம் பெரிய மனசுக்காரர்கள் வேலை. எனக்கு வேண்டாம்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

புழுதிக்காற்று. கரண்ட் இரண்டு முறை போனது.

காரிடாரில் பேச்சியம்மாள் தரையில் உட்கார்ந்து, செல்லில் வந்த வாய்ஸ் மெசேஜையும் அனுப்பியதையும் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். காது மந்தம், அதனால் முழுச் சத்தம். செவ்வாயன்று தன் தங்கச்சிக்கு அவளே அனுப்பியது:

"ஏ மாரி, வாயி பூராத் தொறந்து ரொம்ப நேரமாச்சாம். ஆனா ராகுகாலத்துல பெரிய டாக்டரு கத்தி வைக்க மாட்டாராம்ல! நாலரைக்கு மேலதானாம். எம்புட்டு நல்ல மனுசன் பாரேன்!"

குனிந்து பார்த்தேன். பக்கத்தில் மணி 3.12. கேஸ் ஷீட்டில் 4.10.

பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். அவரைப் புகழ்ந்த வாயாலேயே மாட்டினார். மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார். இன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். மூன்று பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாமல். இவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் எழுதியதில்லை.

ஆகஸ்ட் 23, சனி

பேச்சியம்மாள் டீ வாங்கப் போனபோது முத்துலட்சுமியிடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். 2.55. கடிகாரம். காபி. புதுத் தாள். அத்தையின் செல்லில் இருப்பது எனக்கு வேண்டும் என்றேன்.

குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"கத்திக் கத்தி என் தொண்டையே போச்சு. அப்ப நீங்க எங்கன இருந்தீக டாக்டரம்மா?"

"உன் பக்கத்துலதான்."

"தப்புன்னு தெரியுமா?"

"தெரியும். அவர்ட்ட ஒருக்கச் சொன்னேன்."

"ஒருக்கத்தானா?"

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் கையால்தான் உன் பிள்ளை உயிரோடு இருக்கிறது என்று நாக்கு நுனி வரை வந்தது. அன்றைக்கே வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று அவள் வீட்டு ஆட்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இந்த மாதச் சம்பளத்தை நினைத்து வாயை மூடிக்கொண்டு நின்றேன். இதை யாரிடமும் சொல்லப்போவதில்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.

"அத்தைட்ட நான் வாங்கித் தாரேன்" என்றாள். "பெரிய டாக்டரு பேர எழுதுறீகள்ல, உங்க பேரையும் எழுதுங்க. எழுதுவீகளா?"

வீட்டுக்கு வந்து மூன்று பக்கத்தையும் கிழித்தேன். புதிதாக எழுதினேன். இப்போது நான்கு பக்கம். குற்றம் செய்தவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர். அவருடையது முதலில்.